மூலையில் விட்ட கிழங்கு

சிரம்பானிலிருந்து குளிர்காய்ச்சலுக்கான ஆறு கொயினா மாத்திரைகளோடு திரும்பிக்கொண்டிருந்தேன். டயர் கிடைக்காமல் சைக்கிள் சக்கரத்தில் கயிறு சுற்றி ஓட்டுகிற காலம் இது. லாபு ஸ்டேஷனைத் தாண்டி எங்கள் தோட்டத்துச் செம்மண் பாதையில் திரும்பியபோது, ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகை வாசலில், ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் வீரையா நின்றுகொண்டிருந்தார். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார். அதைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது.

"டிரசரய்யா, ஆயாம்மா போய்ட்டாங்க. இனிமே மெதுவாவே வாங்க," என்றார்.

மெதுவாகத்தான் போனேன். அவசரப்படுவதற்கு இனி எதுவும் இல்லை. சட்டைப்பையில் மாத்திரைகள் அப்படியே இருந்தன.

ஆயாம்மா என்று தோட்டமே கூப்பிட்ட எஸ்தரம்மாள் இறந்து இன்றோடு இருபத்து மூன்று நாள். அவர் போன பிறகுதான் ஜப்பான்காரன் தோற்றான் என்ற செய்தி தோட்டத்துக்கு வந்தது. இனி வாயைத் திறக்கலாம் என்பதால், ஆஸ்பத்திரி நோட்டில் மிஞ்சிய தாள்களில் இதை எழுதுகிறேன். அவரை அறிந்தவர்கள் நான் ஏதும் தவறவிட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அவர் எங்கள் தோட்டத்து ஆயாக்கொட்டகையைப் பார்த்துக்கொண்டவர். தாய்மார் பால்வெட்டப் போகும்போது பிள்ளைகளை அவரிடம் விட்டுவிட்டுப் போவார்கள். திருநெல்வேலிப் பக்கத்து வேதக்காரர். இங்கே வந்து இருபது வருஷம் ஆகியும் ஊர்ப்பேச்சு மாறவில்லை. பிள்ளைகள் இல்லை. கணவர் சாமுவேல் மருந்தடிக்கும் வேலையில் இருந்தார்.

நான் இந்தத் தோட்டத்து டிரசர், ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப்போடுகிறவன். அவருக்கு அடுத்த வீடு. என் மனைவியும் மகளும் தஞ்சாவூர்ப் பக்கம் ஊரில் இருக்கிறார்கள். சண்டை தொடங்கியதோடு கடிதம் நின்றுபோயிற்று. இருக்கிறார்களா இல்லையா என்பதே எனக்குத் தெரியாது. எனக்குக் கோபம் சட்டென்று வரும், சாமி விஷயத்தில் பிடிப்பும் கிடையாது. அப்படிப்பட்ட ஒருவன் இந்த அஞ்சலியை எழுத நேர்ந்ததற்கு, எழுதத் தெரிந்த வேறு ஆள் இங்கே மிஞ்சவில்லை என்பதுதான் காரணம்.

அரிசி குறையத் தொடங்கிய நாட்களில்தான் அவரை நான் சரியாகக் கவனித்தேன். கொட்டகைப் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்ற ஒரே ஒரு தேங்காய்ச் சிரட்டை வைத்திருந்தார். ஒவ்வொரு முறையும் மேலே நுரையை ஊதிவிட்டு, அளவைப் பார்த்த பிறகுதான் ஊற்றுவார். ஒருநாள் மண்டோரின் மனைவி வந்து, தன் கடைசிப் பையனுக்கு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். மண்டோர் வீட்டைப் பகைத்துக்கொள்ள யாருக்கும் துணிச்சல் இல்லாத காலம்.

"பெரிய சிரட்டையில ஊத்தலாம்மா, எனக்கென்ன. எல்லாப் பிள்ளைக்கும் பெரிய சிரட்டையிலயே ஊத்துதேன். அதுக்கு அரிசி மட்டும் கொண்டாந்து குடுத்திருங்க," என்றார் எஸ்தரம்மாள்.

அந்த அம்மாள் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். நான் அங்கே ஒரு பிள்ளையின் சிரங்குக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தேன். "ஏன்க்கா வம்பு? ஒரு வாய் கஞ்சிதானே," என்றேன்.

"அளவு சரியா இருக்கணும்னு மோசே மூலமா கர்த்தர் சொல்லியிருக்காரு தம்பி."

"மோசே பாலைவனத்துல இருந்தவரு. நாம ரப்பர் காட்டுல கெடக்கோம். அந்தக் கட்டளை இங்க எப்படிச் செல்லும்?"

"பசி அங்கயும் இருந்துச்சு, இங்கயும் இருக்கு. அப்புறம் என்ன?" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

அவரோடு வாதம் பண்ணுவது எனக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. பரிசுத்தம் என்றால் வெள்ளைச்சேலையும் ஜெபமும் என்று நான் நினைத்திருந்தேன். அவர் சிரிப்பார். "பரிசுத்தமா இருங்கன்னு சொல்லிட்டு அதுக்கப்புறம் என்ன சொல்லுதாரு தெரியுமா? அறுக்கும்போது வயல் ஓரத்த ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுடுங்கிறாரு. குருடன் வழியில எதையும் போடாதங்கிறாரு. கோள் சொல்லித் திரியாதங்கிறாரு. எல்லாம் வயக்காட்டுச் சோலியும் அண்ட அயல்காரன் சோலியுந்தான்."

ஞாயிற்றுக்கிழமைகளில், ஓய்வுநாள் என்று, அவர் மண்ணைத் தொடமாட்டார். ஊரே மரவள்ளிக்கு மண் அணைத்துக்கொண்டிருக்கும். அவர் மட்டும் வாசலில் பலகை போட்டு உட்கார்ந்திருப்பார். "நீங்களும் செத்த உக்காருங்களேன் தம்பி," என்பார். வேலிக்கு இந்தப் பக்கம் நானும் ஒரு முக்காலியைப் போட்டு உட்காருவேன். ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருப்போம். ஜப்பான்காரன் இருந்த அந்த மூன்றரை வருஷத்தில் என் வீடு வெறும் வீடு என்ற நினைப்பு எனக்கு இல்லாதிருந்தது அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

பிறகு ஜப்பான்காரர்கள் சயாமுக்கு ஆள் பிடித்தார்கள். ரயில்பாதை போடும் வேலை, மூன்று மாதத்தில் திரும்பலாம் என்றார்கள். இத்தனை ஆள் வேண்டும் என்று மண்டோரிடம் கேட்டார்கள். வீரையா கொடுத்த பெயர்களில் சாமுவேலின் பெயரும் இருந்தது. பிள்ளை இல்லாத வீடு என்பதால் அவரைச் சேர்த்ததாகத் தோட்டம் முழுக்கத் தெரியும். லாரி போன மறுநாள் எஸ்தரம்மாள் நேராக மண்டோர் வீட்டுக்குப் போனார். கலகம் ஆகிவிடுமோ என்று நானும் பின்னாலேயே ஓடினேன்.

"நீங்க செஞ்சது தப்பு. அத உங்க முகத்துக்கு நேரா சொல்லணும்னு வந்தேன். சொல்லிட்டேன். இனி இத மனசுல வச்சிருக்க மாட்டேன்," என்றார். குரல் உயரவில்லை. வீரையா தலைகுனிந்து நின்றார்.

திரும்பி வரும்போது நான் கொதித்துக்கொண்டிருந்தேன். அந்த ஆளின் கன்னத்தில் ஒன்று விட்டிருக்க வேண்டும் என்றேன். "உள்ளுக்குள்ள பகைய வச்சிக்கிட்டு வெளிய சிரிக்கக் கூடாது தம்பி. கடிஞ்சு சொல்லிரணும். அதுவும் கட்டளைதான்," என்றார். மறுநாள் கொட்டகையில் மண்டோரின் பையனை இடுப்பில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். அதை என்னால் பார்க்கவே முடியவில்லை.

சாமுவேல் போன பிறகுதான் அந்த மூலைப் பழக்கம் வந்தது. எங்கள் வீடுகளுக்குப் பின்னால் ஆளுக்கு ஒரு துண்டு நிலம், எல்லாம் மரவள்ளி. எஸ்தரம்மாள் கிழங்கு பிடுங்கும்போது நிலத்தின் நான்கு மூலைகளிலும் நான்கு நான்கு செடிகளை விட்டுவிடுவார். யாருக்கு என்று கேட்டேன்.

"வழியில போறவங்களுக்கு."

"இந்தக் காட்டுல பன்னிதான் போகும்."

"அதுவும் வழியில போறதுதானே," என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அங்க சயாமுல யாராச்சும் ஒரு மூலைய விட்டு வச்சிருந்தா எங்க வீட்டுக்காரரு ஒரு வேளையாவது சாப்பிடுவாரு இல்லையா தம்பி," என்றார்.

கொஞ்ச நாளில் ரப்பர் காட்டை ஒட்டிய மூலையில் ஒரு செடி காணாமல் போயிருந்தது. தோண்டிய இடத்தில் மண்ணை மூடி, அந்தச் செடியின் தண்டிலிருந்து ஒரு துண்டை முறித்து யாரோ ஊன்றிவிட்டுப் போயிருந்தார்கள். மரவள்ளிக்கு அது போதும், திரும்பத் துளிர்த்துவிடும். பிறகு இன்னொரு செடி, இன்னொரு குச்சி. சயாமிலிருந்து தப்பி, காட்டு வழியாக ஒளிந்து நடந்து வருகிறவர்கள் என்று எனக்கு விளங்கியது. எங்கள் தோட்டத்து மூலையைப் பற்றி ஒருவர் இன்னொருவரிடம் சொல்லியிருக்க வேண்டும். எஸ்தரம்மாள் யாரையும் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் நாளைக்கு ஜப்பான்காரன் கேட்பான், கேட்டால் சொல்ல வேண்டிவரும் என்பார்.

இனி நான் எழுதப்போவதை முழுதாகத் தோட்டத்தில் இரண்டு பேரைத் தவிர யாரும் அறியமாட்டார்கள். ஒருவர் போய்விட்டார். மற்றவன் நான்.

போன வருஷம் மழைக்கு முன்னால் அவர் குளிர்காய்ச்சல் கண்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். கிழங்கு முற்றிக் கிடந்தது. பக்கத்துத் தோட்டங்களில் திருட்டு அதிகமாயிருந்த நேரம். உடம்பு தேறி எழும்போது அவருக்குச் சாப்பிட ஒன்றும் இருக்காது என்று பயந்துவிட்டேன். ஒரு முழு நாள் செலவழித்து நிலம் முழுவதையும் நானே பிடுங்கினேன். நான்கு மூலைகளையும் சேர்த்துத்தான். மூலைக்கு வந்தபோது ஒரு நிமிஷம் நின்றேன், அதை மறைக்க மாட்டேன். இந்த ஒரு தடவை அவருடைய வயிறுதான் முக்கியம் என்று மண்வெட்டியை ஓங்கிப் போட்டேன். கிழங்கை மண் தட்டி அவர் வீட்டுக்குள் அடுக்கிவைத்தேன். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

"மூலை?" என்று படுக்கையிலிருந்தபடியே கேட்டார்.

"ஒன்னுகூட விடலக்கா. சுத்தமா எடுத்துட்டேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். காய்ச்சல் அசதி என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை வீரையா வந்து கூப்பிட்டார். காட்டை ஒட்டிய மூலையில் ஒருவர் குப்புறக் கிடந்தார். உயிர் இல்லை. முழங்காலுக்குக் கீழே முழுக்கப் புண். ரயில்பாதை வேலையில் வருகிற சயாம் புண் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் மூன்று கல்லை அடுப்புபோல் கூட்டி, அதன் மேல் ஒரு தகர டப்பா வைத்திருந்தார். டப்பா நிறைய ஓடைத் தண்ணீர். அவிப்பதற்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. நான் அவரைக் கழுவினேன். விரல் நகங்களுக்குள் எல்லாம் எங்கள் நிலத்து மண். யார், எந்தத் தோட்டம், என்ன பெயர் என்பது கடைசிவரை தெரியவில்லை.

அந்த ஆள் எப்படியும் இறந்திருப்பார் என்று ஒரு டிரசராக நான் சொல்லலாம். அந்தப் புண்ணோடு நாலு கிழங்கு அவரைக் காப்பாற்றியிருக்காது என்றும் சொல்லலாம். எனக்குள் நூறு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனால் அவர் தண்ணீரை எடுத்துவைத்துவிட்டுத் தோண்டியிருக்கிறார். சாப்பிடப் போகிறோம் என்று நம்பியிருக்கிறார்.

எஸ்தரம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து என் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"தம்பி, எனக்கு நீங்க செஞ்சது அன்பு. அவருக்குச் செஞ்சது தப்பு. முகத்துக்கு நேரா சொல்லிட்டேன். இனி இத மனசுல வச்சிருக்க மாட்டேன்."

அன்றைக்கு மண்டோர் ஏன் தலைகுனிந்து நின்றார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. மறுநாள் வழக்கம்போல ஒரு தட்டில் அவித்த கிழங்கைக் கொடுத்தனுப்பினார். அதன் பிறகு அதைப் பற்றி ஒரு சொல் இல்லை, ஒரு பார்வைகூட இல்லை. இன்னொரு தடவை திட்டமாட்டாரா என்று நான் ஏங்கியிருக்கிறேன். அவர் சொன்னபடி இறக்கிவைத்துவிட்டார். என்னால் இன்னும் முடியவில்லை.

நிலம் முழுக்கத் திரும்பக் குச்சி ஊன்றினோம். நான்கு மூலைகளையும் நான் ஊன்றினேன், அவர் தடுக்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் அந்த மூலைக்கு யாருமே வரவில்லை. செடிகள் ஆள் உயரம் வளர்ந்து நின்றன. வந்து ஏமாந்தவர் இறந்துபோனார் என்ற சேதியும் காட்டுக்குள் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். தினமும் காலையில் போய் எண்ணிப் பார்ப்பேன். பதினாறு செடிகளும் அப்படியே இருக்கும்.

இந்தத் தடவை காய்ச்சல் அவரை விடவில்லை. மருந்து தேடி நான் சிரம்பானுக்குப் புறப்பட்ட காலையிலும் கொட்டகைக்குப் போகத்தான் செய்தார். வழியில் நிறுத்தி என்னிடம் சொன்னார்: "எங்க வீட்டுக்காரரு வந்தாருன்னா, நான் இல்லன்னா, மொதல்ல சாப்பிட வைங்க. அதுக்கப்புறம் சொல்லுங்க." நீங்களே சொல்லலாம், பேசாமல் போங்கள் என்று எரிந்து விழுந்தேன். அவரிடம் நான் கடைசியாகப் பேசியது அதுதான்.

மத்தியானம், தொட்டில்களுக்கு நடுவே சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் எல்லாம் தூங்கிக்கொண்டிருந்தன. முதலில் ஒரு பிள்ளை விழித்து அழுதிருக்கிறது, யாரும் எடுக்கவில்லை. பிறகு எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து அழுத பிறகுதான் ஆட்கள் ஓடிவந்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் அத்தனையும் சூழ்ந்திருந்தும் அவர் தனியாகத்தான் போனார்.

பாதிரியார் யாரும் கிடைக்கவில்லை. குழியை வீரையா வெட்டினார், வேறு யாரையும் மண்வெட்டியைத் தொட விடவில்லை. எனக்கு ஜெபம் தெரியாது. அவருடைய சிரட்டையைக் கழுவித் தலைமாட்டில் வைத்தேன்.

போன வாரம் அவர் நிலத்தில் கிழங்கு பிடுங்கிக் கொட்டகைக்குக் கொடுத்தேன். மூலைகளைத் தொடவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் முக்காலியைப் போட்டு உட்காருகிறேன். வேலிக்கு அந்தப் பக்கம் பலகை சும்மா கிடக்கிறது.

நேற்றுக் காலை எண்ணிப் பார்த்தேன். பதினைந்து செடிகள்தான் இருந்தன. காட்டை ஒட்டிய மூலையில் ஒரு குழியை மூடி, காலால் மண்ணை மிதித்து, சாய்வாக ஒரு குச்சியை ஊன்றிவிட்டுப் போயிருந்தார்கள். மூன்று கல்லும் சாம்பலும் இருந்தன. சாம்பலைத் தொட்டுப் பார்த்தேன், கொஞ்சம் சூடு இருந்தது. சாமுவேலாக இருக்குமோ என்று ஒரு கணம் தோன்றியது. அவராக இருந்தால் வீட்டுக்கு வந்திருப்பார். வேறு யாரோதான். நான் காட்டுக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

போய் வாருங்கள் அக்கா. உங்கள் வீட்டுக்காரர் வந்தால் சாப்பிட வைத்த பிறகே சொல்லுகிறேன். உங்கள் மூலைக்கு ஒருவர் வந்திருக்கிறார். சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்.