வெட்டிய பாதி வாக்கியம்

நோர்வேயின் ஒஸ்லோ நகரம், குடியேறிகள் நிறைந்த குறொன்லாண்ட் பகுதி. தேர்தல் வாரம். கட்சிக் கூடாரங்கள் காய்கறிக் கடைகளைப்போல ஒட்டி ஒட்டி நிற்கின்றன. எல்லாவற்றிலும் கோப்பி இலவசம். ஒரு கூடாரத்தில் என் அக்காவின் மகள் ஆரணி நிற்கிறாள்; நகரசபை வேட்பாளர். போன முறை மயிரிழையில் தோற்றவள்.

நான் அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் மாமன். அங்கே ஜனாதிபதித் தேர்தல்களில் எதிராளியின் பழைய குப்பையைக் கிளறுவது என் தொழில். கோழியும் அதைத்தான் செய்கிறது. அதற்கு முட்டையாவது இடத் தெரியும்.

வெறுங்கையோடு வருவேனா? பக்கத்துக் கூடாரத்து வேட்பாளரின் குட்டி வீடியோவைக் காட்டுகிறேன்: "இந்தத் தெருவில் வெளிநாட்டவர் கூடிவிட்டார்கள்."

"மிச்சம் எங்கை மாமா?"

"வெட்டிப்போட்டன்."

"'அதாலைதான் இஞ்சை நல்ல சாப்பாடு கிடைக்குது' எண்டும் சொன்னவர். நான் பக்கத்திலை நிண்டனான்."

"பிள்ளை, இதாலை நீ வெல்லுவாய்."

"வெண்டிட்டு அவரின்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது? அழியுங்கோ. அவருக்குக் கோப்பி முடிஞ்சுதாம், இந்தப் பிளாஸ்க்கைக் குடுத்திட்டு வாங்கோ."

அழிக்கிறேன். பிளாஸ்க்கோடு போகிறேன். யாருடைய ஆள் என்று என் தொழிலில் வாய் திறக்கவே கூடாது. இப்போது அந்த மனிதர் கேட்பதற்கு முன்பே நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறேன்: "நான் ஆரணியின் மாமா."