ஐந்நூறில் ஒன்றும் அறுபதில் ஒன்றும்

அறுபத்தொன்றாம் வருஷம், சித்திரை மாதத்துச் சனிக்கிழமை. காலை ஆறு மணிக்கு மதுரையில் பஸ் ஏறினேன். திண்டுக்கல்லுக்கு நாற்பது மைல், டிக்கெட் ஒன்றரை ரூபாய். மடியில் காமிரா, பையில் இரண்டு பிலிம் சுருள்.

பஸ் ஸ்டாண்டில் நண்பர் சவரிமுத்து வாத்தியார் மோட்டார் சைக்கிளோடு நின்றார். வடமதுரைக்கு அருகே வறண்ட கண்மாயில் அன்று பந்தயம். காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒன்று. அவருக்கு அதுதான் கடைசி. அவர் மனைவி புஷ்பம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை வண்டியை வாங்க ஆள் வருகிறது.

“பேருக்கு ஒரு படமாச்சும் இருக்கட்டும்ணே,” என்றார் வாத்தியார்.

பத்து மணிச் சுற்றில், நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறக்கும்படி வைத்தேன். காமிராவில் அதைவிட வேகம் கிடையாது. பகல் ஒரு மணிக்குத் திண்டுக்கல் ஸ்டூடியோவில் கழுவிப் பார்த்தோம். சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

“ஸ்டாண்டு போட்டு உக்காந்த மாதிரியில்ல இருக்கு,” என்றார் வாத்தியார். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

மூன்று மணிக்கு அவர் பின்னால் உட்கார்ந்து வடமதுரைக்குத் திரும்பினேன். பன்னிரண்டு மைல். ஓரிடத்தில் ரோட்டை ஒட்டி ஒரு கூட்ஸ் ரயில் வந்தது. மனிதர் விடுவாரா? அதற்குச் சமமாக ஓட்டினார். கடைசிப் பெட்டியில் நின்ற கார்டின் மீசைகூடத் தெளிவாகத் தெரிந்தது; நடுவிலிருந்த தந்திக் கம்பங்கள்தான் கலைந்து ஓடின. கூடவே போனால் முகம் நிற்கும், ஊர் ஓடும். எனக்கு அப்போதுதான் புத்தி வந்தது.

மாலையில் அறுபதில் ஒன்று வைத்தேன். அவர் வர வர இடுப்பைத் திருப்பி, காமிராவை அவரோடேயே கொண்டுபோய் அழுத்தினேன். ராத்திரி ஸ்டூடியோவில் கழுவிப் பார்த்தால் பதினொரு படம் பாழ். ஒன்றில் முகம் பளிச்சென்று விழுந்திருந்தது; சக்கரம் வெறும் புகை, பின்னால் தென்னைகள் கோடு கோடாக. வாத்தியார் வந்தது நான்காவதாகத்தான். படத்தைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஞாயிறு காலை பூசை முடிந்து புஷ்பம் வீட்டுக்கு வந்தார். முதல் படத்தைப் பார்த்து, “நல்லா இருக்கு, சட்டம் போட்டு மாட்டணும்,” என்று சிரித்தார். வாத்தியாருக்குப் பெருமை தாங்கவில்லை, இரண்டாவதையும் நீட்டினார்.

புஷ்பம் அதைச் செத்த நேரம் பார்த்தார். “இம்புட்டு வேகமாவா போனீக? மெதுவாத்தான் ஓட்டுறேன்னு சொன்னீகளே.”

வாத்தியார் படத்தைத் திரும்ப வாங்கக் கை நீட்டினார்.

“விக்க வேணாம்னு சொல்லணும்னுதான் கோயில்ல இருந்து வந்தேன்,” என்று படத்தைக் கவிழ்த்து வைத்தார் புஷ்பம். “நாளைக்கு வந்து எடுத்துட்டுப் போகட்டும்.”

பன்னிரண்டு மணி பஸ்ஸுக்கு வாத்தியார் என்னை நடத்தியே கூட்டிவந்தார். என்மேல் கோபம் இல்லை; அந்தப் படம் அவர் சட்டைப் பையில் இருந்தது. எனக்குத்தான் மதுரை வரும்வரை மனசு ஆறவில்லை. ஐந்நூறில் ஒன்றோடு நான் நிறுத்தியிருந்தால், அந்த வண்டி அந்த வீட்டிலேயே நின்றிருக்கும்.