மாலை கழற்றிய படம்

போன செவ்வாய் மத்தியானம் சுகந்தி எனக்குப் போன் எடுத்தார். "அண்ணா, எங்கட கடை நம்பருக்கு ஒருக்கா எடுத்துப் பாருங்கோ." அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

கடையா? இங்கே நோர்வேயில், ஹொல்ம்லியாவில் இருந்த அந்தப் பலசரக்குக் கடை, அவருடைய கணவர் ராசன் இறந்ததோடு மூடியாயிற்று. எட்டு மாதம். சரி என்று எடுத்தேன். இரண்டு தரம் மணி அடித்தது. பிறகு...

"வணக்கம், ராசன் கதைக்கிறன். இப்ப கொஞ்சம் வேலையா நிக்கிறன். பேரைச் சொல்லுங்கோ, திருப்பி எடுக்கிறன்."

பழைய பதிவுதான். தெரியும். இருந்தும், என்னை அறியாமல் என் பெயரையும் சொல்லிவிட்டேன் — நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

செத்த கடைக்கு யார் போன் இணைப்புக் கொடுத்தது? ஜெகன். ரொம்சோஸில் துப்புரவுக் கம்பனி நடத்துகிறவர். கடையை நடத்திய ராசனின் கம்பனியை வாங்கப் போகிறார். எதற்கு? அதன் நட்டத்துக்கு!

பத்தி எழுதாத நேரத்தில் நான் கணக்காளர் என்பது உங்களுக்குத் தெரியும். நோர்வேயில் ஒரு கம்பனியின் பழைய நட்டத்தை வருங்கால இலாபத்தில் கழிக்கலாம். வரி குறையும். கம்பனியை விற்றால் அந்தச் சலுகையும் வாங்கியவருக்கே போய்ச் சேரும். ஆனால் முக்கியமாக வரியை மிச்சம் பிடிக்கத்தான் வாங்கினார் என்று தெரிந்தால், சலுகை அதோடு சரி. ஏன் வாங்கினாய் என்று மனசைத் தோண்டுகிற சட்டம்.

அதற்குத்தான் ஜெகன் பதில் தயாரித்துக்கொண்டிருந்தார். கடை ஒரு நாளும் மூடப்படவில்லை என்று சுகந்தி கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் ஜெகன் தரும் காசில் வீட்டுக் கடன் அடையும். போடாவிட்டால், இரண்டு பிள்ளைகளோடு வீட்டை விட்டு வெளியேற வேண்டும்.

மறுநாள் சுகந்தியோடு நானும் போனேன். பட்டப்பகல். கடை வாசலில் பனி அப்படியே கிடந்தது, ஒரு காலடிகூட இல்லை. உள்ளே எல்லா விளக்கும் எரிந்தது. ரேடியோ மெல்லப் பாடியது. தட்டுகளில் முன்வரிசைக்கு மட்டும் மிளகாய்த்தூள் பாக்கெட்டுகள். ஒன்றை எடுத்தேன்... பின்னால் வெறும் பலகை. காசுப் பெட்டியடியில் ராசனின் மூக்குக்கண்ணாடி, இப்போதுதான் கழற்றி வைத்தது மாதிரி விரித்தபடி. பக்கத்தில் போனில் சிவப்பு விளக்கு மின்னியது. ஒரு செய்தி. என்னுடையதுதான்.

பின்கதவால் ஜெகன் வந்தார். கடுதாசியையும் பேனையையும் நீட்டினார். சுகந்தி அதைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அங்கே மாட்டியிருந்த ராசனின் படத்துக்குச் சுகந்தி போட்ட மாலை இல்லை. பொட்டு துடைக்கப்பட்டிருந்தது. படத்தடியில் எரியும் சின்ன பல்ப் கூட இல்லை. உயிரோடிருக்கும் முதலாளி மாதிரி ராசன் கடையைக் கவனித்துக்கொண்டு சிரித்தார்.

"மாலை எங்கை, ஜெகன்?" என்று கேட்டார் சுகந்தி.

வரிக்கந்தோரில் இருந்து யாரும் பார்க்க வந்தால் ஆள் செத்தது தெரிந்துவிடும், அதுதான் கழற்றினேன் என்றார் ஜெகன்.

எந்த நோர்வே அதிகாரிக்கு, ஐயா, படத்து மாலையின் அர்த்தம் தெரியும்? நமக்குத்தானே தெரியும்! அதிகாரிக்குப் பயந்து, ராசனின் மனைவியிடமே அவர் புருஷனின் சாவை மறைத்திருக்கிறார்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். யார் வந்து பார்க்கப் போகிறார்கள், கையெழுத்தைப் போட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கும் வாய் வரை வந்தது. அந்தப் பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

சுகந்தி மேசை லாச்சிகளைத் திறந்து தேடி, கசங்கிக் கிடந்த மாலையை எடுத்து உதறினார். கதிரையில் ஏறிப் படத்துக்குப் போட்டார்.

"அப்ப அந்த நட்டம் வீணாப் போகும், அக்கா" என்றார் ஜெகன்.

"ஆளே போயிட்டார். நட்டம் மட்டும் ஏன் உசிரோட இருக்கோணும்?"

கையெழுத்துப் போடாததால் வீடு இந்த வாரம் விற்பனைக்கு வந்துவிட்டது. ஹவுகெட்டோவில் ஒரு சின்ன வாடகை வீடு பார்த்திருக்கிறார்கள். எனக்கு மனது கேட்கவில்லை.

நேற்று அந்தக் கடை நம்பருக்கு மறுபடி எடுத்தேன். மணி அடிக்கவே இல்லை; இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.

அப்பாடா... ராசன் இப்போதுதான் போய்ச் சேர்ந்தார்.