மேல்கணக்கில் பூத்த தேயிலை

டயகமப் பக்கம் நாங்கள் இருந்த தோட்டத்தில் மேல்கணக்கு, பணியக்கணக்கு என்று இரண்டு பிரிவுகள். கீழே இருந்த பணியக்கணக்கில் நாங்கள் இருந்தோம். மேல்கணக்கில் யாருமே இல்லை. நான் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில், ஓர் அடைமழையில், பட்டப்பகலில் அங்கே மலை சரிந்து இறங்கியதாம். பிழைத்தவர்கள் அன்று பொழுது சாய்வதற்குள், அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டுக் கீழே வந்துவிட்டார்கள். மலையில் இன்னும் வெடிப்பு இருக்கிறது, மிச்சமும் எப்போது வேண்டுமானாலும் வரும் என்று வெள்ளைக்காரத் துரை பாதையை முள்கம்பியால் அடைத்துவிட்டார்.

அன்று வந்த அத்தையும் மாமாவும் எங்கள் காம்பராவிலேயே தங்கிவிட்டார்கள். ஒரே அறையில் இரண்டு குடும்பம். எனக்கு அதில் லாபம்தான். அம்மா அடித்தால் ஓடிப்போய் விழ இன்னொரு மடி இருந்தது. மேல்கணக்கைப் பற்றி அத்தை வாயே திறக்க மாட்டாள். நாங்கள் கேட்டால் அம்மா பேச்சை மாற்றிவிடுவாள். ஆகவே அங்கே என்ன இருக்கிறது என்பதை நாங்களே முடிவு செய்துகொண்டோம். முனி இருக்கிறது என்பது அண்ணனின் கட்சி. மலை அரைத் தூக்கத்தில் கிடக்கிறது, சத்தம் கேட்டால் புரண்டு படுக்கும் என்பது என் கட்சி.

எனக்கு எட்டு வயதிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, விறகுக்குப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு அத்தை என்னை மேலே அழைத்துப்போனாள். முள்கம்பியைத் தூக்கிப் பிடித்து, குனிந்து போகச் சொன்னாள். எனக்குக் கால் வரவில்லை. மலை முழித்துக்கொள்ளும் என்று அவள் காதோடு சொன்னேன்.

"அது பாட்டுக்குத் தூங்கட்டும். நம்ம மெதுவா போயிட்டு வந்துருவோம்."

வளைவு திரும்பியதும் நின்றுவிட்டேன். தேயிலை என்றால் அம்மாவின் இடுப்பளவு என்பதுதான் நான் அறிந்த உலகம். அதற்குமேல் தலைதூக்கினால் கத்தி வந்துவிடும். இங்கே கிள்ளவும் வெட்டவும் ஆளில்லாமல், லயத்து வீடுகளின் கூரையையும் தாண்டி, தேயிலை காடாக நின்றது. கிளை முழுவதும் வெள்ளைப் பூ. அந்த மலையே தேனீக்களின் இரைச்சலில் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. கீழே எங்களைக் குனியவைத்த செடியா இது என்று அண்ணாந்து பார்த்தபடியே நடந்தேன்.

லயத்தின் ஒரு வாசலில் ஏதோ அசைந்தது. முனிதான் என்று அத்தையின் சேலையைப் பற்றிக்கொண்டேன். கொம்பைச் சாய்த்துக்கொண்டு, மாட்டளவு மரைமான் ஒன்று உள்ளிருந்து வெளியே வந்தது. எங்களை நிதானமாகப் பார்த்தது. வீட்டுக்காரர் விருந்தாளியைப் பார்ப்பதுபோல் இருந்தது. பிறகு அவசரமில்லாமல் தேயிலைக்குள் நடந்து மறைந்தது.

"இது யாரு வீடு அத்தை?"

"நாங்க இருந்த வீடுதான்."

அவள் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. லயத்தைக் கடந்து, மண் சரிந்து மேடாகிக் கிடந்த இடத்துக்குப் போனாள். அந்த மேட்டின் மேலும் ஒரு தேயிலை முளைத்து மரமாகியிருந்தது. அத்தை பூக்களைப் பறித்து மடியில் சேர்த்தாள். நானும் எட்டிய மட்டும் பறித்துக் கொடுத்தேன். எல்லாவற்றையும் அந்த மேட்டில் பரப்பினாள். பிறகு என் தலையைத் தடவினாள்.

"உன் வயசுதாம்மா."

நான் மரத்தை அண்ணாந்து பார்த்தேன். என் வயதில் இவ்வளவு உயரமா என்று பொறாமையாக இருந்தது. "நானும் வளந்துருவேன் அத்தை," என்றேன்.

"வளரணும்," என்றாள் அத்தை. சொல்லிவிட்டு என்னை இறுக்கி அணைத்துக்கொண்டாள். மூச்சு முட்டியது, விடச் சொல்லி நெளிந்தேன்.

கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பரா அந்த மேட்டுக்கு அடியில்தான் இருந்தது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.