சேலம் ஏர்போர்ட்டுக்கும் பாண்டிச்சேரி ஏர்போர்ட்டுக்கும் நடுவில்

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எங்கள் வீட்டுக்குள் கால் வைக்கவே இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் குமட்டுகிறது.

மாப்பிள்ளைக்கு ஹைதராபாத்தில் வேலை. அம்மாவோடு காலையில் விமானத்தில் சேலம் வந்து இறங்குவார், சாயங்காலம் பாண்டிச்சேரியில் ஏறித் திரும்பிவிடுவார் என்றார் தரகர். இரண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவே காரில் ஐந்தரை மணி நேரம், எங்கள் ஊர் திருவண்ணாமலை வழியாகவே போய்விடலாம், பெண்ணைப் பார்க்க ஒரு மணி நேரம் தாராளம் என்று கணக்கும் போட்டுக் கொடுத்தார். அப்பா வாயெல்லாம் பல்லாகத் தலையாட்டினார். எனக்கு முப்பத்தொன்று நடந்துகொண்டிருந்தது. இந்த இடமாவது அமையாதா என்று அவர் தவித்த தவிப்பு தெரிந்ததால் நான் வாயை மூடிக்கொண்டேன்.

அந்தத் தவிப்பில் அவர் தேதியைக்கூட யோசிக்கவில்லை. "பௌர்ணமி, நல்ல நாள்" என்று சந்தோஷம் வேறு! இந்த ஊரில் பிறந்தவன் எவனாவது பௌர்ணமியன்று விருந்தாளியைக் கூப்பிடுவானா? கிரிவலக் கூட்டம் வந்துவிட்டால் வெளியூர்க் கார் ஊருக்குள் நுழைய முடியாது.

அன்று மதியம் மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார். "பைபாஸ்லயே நிறுத்திட்டாங்க. ஊருக்குள்ள வந்தா ஃப்ளைட் போயிடும். பொண்ண இங்க கூட்டிட்டு வந்துடுங்களேன். பஜ்ஜி, கேசரி செஞ்சிருந்தா பார்சல் கட்டிக்கங்க."

பார்சலாம்! என் அம்மாவின் முகம் செத்துப்போயிற்று, ஆனாலும் கட்டிக் கொடுத்தாள். பட்டுப் புடவையும் தலை நிறையப் பூவுமாக நான் அப்பாவின் ஸ்கூட்டரில் சந்து சந்தாகப் புகுந்து போனேன்.

பைபாஸ் ஓரத்தில் வரிசையாக பஸ்கள், மூத்திர நாற்றம், அன்னதானம் சாப்பிட்டு வீசிய தட்டுகள். அதன் நடுவில் நின்றேன். மாப்பிள்ளை காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, போனிலிருந்து கண்ணை எடுத்து, "இங்கேருந்து பாண்டி ரெண்டரை மணி நேரம்தானே?" என்றார். என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். சீ! மாட்டுச் சந்தையில்கூட கிட்டே வந்து பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள்.

அதற்குள் டிரைவர் அப்பாவைக் கூப்பிட்டார். "சார், திண்டிவனத்துக்கு எந்த வழி கிட்ட? அங்க இன்னொரு பொண்ணு பாக்கணும். செங்கத்துல ஒண்ணு பாத்து முடிச்சாச்சு."

பார்சலை ஜன்னல் வழியாக நீட்டிக்கொண்டிருந்த அப்பாவின் கை ஒரு நிமிடம் அப்படியே நின்றது. பிறகு கொடுத்தேவிட்டார். கீழ்பென்னாத்தூர், செஞ்சி என்று வழியும் சொன்னார். அவர்கள்மேல் வந்ததைவிட அப்பாமேல்தான் எனக்கு அதிகம் அருவருப்பு வந்தது. வீடு வரும்வரை அவர் முதுகைத் தொடாமல் உட்கார்ந்து வந்தேன்.

இரண்டு நாள் கழித்துத் தரகர் போன் செய்தார். "பொண்ணு புடிச்சிருக்காம்!"

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. என்னைப் பார்த்து, "அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்தாங்களேம்மா" என்றார். நான் போனைப் பிடுங்கினேன்.

"அவங்க எங்க வீட்டுக்கு வரலீங்க. ஏர்போர்ட்டுக்குப் போனாங்க. நான் ரோட்டுல நின்னேன். இனிமே நிக்க மாட்டேன். வேணாம்னு சொல்லிடுங்க."

போனை வைத்துவிட்டு, கத்துவார் என்று காத்திருந்தேன். அப்பா கத்தவில்லை.

"நானுந்தாம்மா நின்னேன்" என்றார்.