பொய்யை நிரூபிக்க இரண்டு வருடம்

கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டே பகுதிநேர ஆராய்ச்சியும் செய்துவந்தேன். ஒரு பொருளைக் குளிர்வித்துக்கொண்டே போனால் அதன் துகள்கள் ஆற்றல் மிகக் குறைந்த அடுக்குமுறையை நாடும். அப்படி இரண்டு அடுக்குமுறைகள் ஆற்றலில் சமமாக இருந்தால்? இரண்டும் கலந்து ஏதாவதொரு விகிதத்தில் அந்தப் பொருள் கடைசியில் நிலைகொண்டே தீரும் என்று நிரூபிக்க இரண்டு வருடம் முயன்று, ஒருவழியாக முடித்தும்விட்டேன்.

திருநெல்வேலிப் பல்கலைக்கழகத் துறையில் அதைப் பேசிக்காட்டுவதற்கு முந்தின ஞாயிறு, சாப்பாடு முடிந்ததும் ஒத்திகை பார்க்க என் கணவரைப் பிடித்து உட்காரவைத்தேன். அவர் உப்பளக்காரர்களுக்குச் சாக்கு விற்பவர். நான்காம் பக்கத்தில், "இங்கன இருந்து மிச்சம் தெளிவாத் தெரியுது" என்றேன்.

"எனக்குத் தெரியலியே."

முதல் பக்கத்திலிருந்தே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் இந்த முறை விளக்குவதற்காக முந்தின வரிகளைத் திரும்பப் புரட்டினேன். தெளிவு என்று நான் தாண்டிப்போன அந்த வரி அவற்றில் எதிலிருந்தும் வரவில்லை. நான் ஆசைப்பட்டு எழுதியது.

என் ஆராய்ச்சி நெறியாளருக்கு போன் செய்து அழுதேன். அவர் சிரித்தார். "ஏம்மா, நிரூபிக்க வரலேன்னா, அது உண்மைதானான்னு ஒருக்காப் பாரு."

பேச்சைத் தள்ளிப்போட்டுவிட்டு, என் கூற்றையே கவிழ்க்க உட்கார்ந்தேன். கொஞ்சம் குளிர்ந்த நிலையில் முதல் அடுக்குமுறையை ஒட்டிச் சிறு பிசகுகளுக்கு அதிக இடம் கொடுத்தேன்; இடம் அதிகமுள்ள பக்கம்தான் துகள்கள் சாயும். இன்னும் குளிர்ந்ததும் இரண்டாவதற்கு. அதற்கும் கீழே மறுபடி முதலாவதற்கு. அப்படியே முடிவில்லாமல் விதி வைத்துக்கொண்டு போகலாம் என்று தெரிந்த நிமிடம் அடுப்பில் மீன் கருகியது.

"ஏளா, என்ன தீயுது?" என்று கணவர் ஓடிவந்தார்.

"ஏங்க, அது நிக்காதுங்க! எவ்வளவு குளிர்ந்தாலும் அங்கயும் இங்கயுமா மாறிக்கிட்டே இருக்கும்!"

"அப்போ ரெண்டு வருஷமாப் பொய்யையா நிரூபிச்சுக்கிட்டிருந்த?"

ஆமாம் என்றேன். இருவரும் அடுப்படியிலேயே நின்று கண்ணீர் வரச் சிரித்தோம்.

இதுபோன்ற எடுத்துக்காட்டுகள் ஏற்கெனவே இருக்கின்றன என்று நெறியாளர் பிறகு சொன்னபோது முகம் வாடத்தான் செய்தது. "உன் வழி வேற, எளிசா இருக்கு. ஆய்வேட்டுல தனி அத்தியாயமா எழுது" என்றார். தள்ளிவைத்த பேச்சைத் திருநெல்வேலியில் பேசிவிட்டு, பஸ்ஸில் ஜன்னலோர இடம் பிடித்து, ஊர் வரும்வரை நிம்மதியாகத் தூங்கினேன்.