நாக்குக்கு அடியில்

எட்டு வருடமாக ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன், இல்லாத குரல்கள் காதில் கேட்காமல் இருப்பதற்கு. வெள்ளை அணுக்கள் குறைகிறதா என்று பார்க்க மாதம் ஒருமுறை ரத்தம் கொடுக்க வேண்டும். அதில் எனக்கு வருத்தமில்லை. போன வருடம் டாக்டர், மருந்து ரத்தத்தில் எவ்வளவு நிற்கிறது என்றும் பார்த்துவிடலாம் என்றார். அங்கேதான் சனி பிடித்தது.

இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை.

"ஒழுங்கா முழுங்கறீங்களா?" என்று கேட்டார். ஒரு வேளைகூட விட்டதில்லை என்றேன். "சிகரெட் உண்டா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கூட வந்த அண்ணன் முந்திக்கொண்டார். "எங்கூட்டுல ஆருக்கும் அந்தப் பழக்கம் இல்லீங்க டாக்டர்."

ஒரு நாளைக்குப் பத்து குடிக்கிறேன். துடியலூர்ப் பக்கம் லேத் பட்டறையில் வேலை. டீக்குப் போகும்போதெல்லாம் ஒன்று. அண்ணன் வண்டி தெரிந்தால் கீழே போட்டு மிதித்துவிடுவேன். அவரும் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். அதுதான் எங்கள் மரியாதை. அந்த மரியாதைக்காக அன்று நானும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன், மடையன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் என் மனைவியிடம் சொன்னார்: "ரத்தம் பொய் சொல்லாது அம்மணி. இவன் துப்பிப்போடறான்." ரத்தம் சரியாகும்வரை என்னை லேத்தில் விடவேண்டாம் என்று முதலாளியிடமும் சொல்லிவிட்டார். டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். அதன் விளைவாக ராத்திரியில் எச்சில் ஒழுகித் தலையணை நனைந்தது.

அன்றிலிருந்து இரண்டு வேளையும் மனைவி செல்போன் டார்ச்சோடு நின்றாள். "வாயத் தொறங்க. நாக்கைத் தூக்குங்க. அந்தப் பக்கம் காட்டுங்க." எத்தனை மரியாதை. பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டுக்குப் பல் பார்க்கிறவன்கூட ஒருமுறைதான் பார்ப்பான்.

சும்மா இருந்ததில் பத்து சிகரெட் பதினைந்தாயிற்று. நாலு மாதம் கழித்து மருந்தின் அளவு பார்க்க மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ஊசி குத்திய பெண் மூக்கைச் சுளித்தாள். "ஏனுங்கண்ணா, சிகரெட் குடிச்சா இந்த மருந்து ரத்தத்துல நிக்காதுங்களே. டாக்டருக்குத் தெரியுங்களா?"

ரிசல்ட் பார்க்க அண்ணனும் வந்தார், மனைவியும் வந்தாள். இந்தத் தடவையும் குறைவுதான். "பதினஞ்சு குடிக்கறேனுங்க டாக்டர்," என்றேன். டாக்டர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சுவரைப் பார்த்தார். மாத்திரை விடாமல் போட்டாலும் சிகரெட்டால் அளவு இப்படிக் குறையும் என்று டாக்டர் விளக்கினார். இனி வேலைக்குப் போகலாம், ஆனால் தன்னைக் கேட்காமல் சிகரெட்டைத் திடீரென்று விடக் கூடாது, ரத்தத்தில் மருந்து அளவுக்கு மீறி ஏறிவிடும் என்றார்.

வெளியே வந்ததும் அண்ணன் கேட்டது ஒன்றுதான். "நானு பக்கத்துல ஒக்காந்திருக்கறப்ப அதையச் சொல்லலாமாடா?"

சாயங்காலம் மனைவி டார்ச்சோடு வந்தாள். "இருக்கட்டுங்க, ஒருக்கா காட்டீருங்க." காட்டினேன்.

மாத்திரை போடுகிறேன் என்று நாலு மாதம் தொண்டை வறளச் சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை. சிகரெட் குடிக்கிறேன் என்று ஒரே ஒருமுறைதான் சொன்னேன். அதை நம்புவதற்கு யாரும் ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை.